திங்கட்கிழமைக் கட்டில்

வரதராசாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது, நெஞ்சைத் திறந்து அதை மாற்றத்தான் வேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்றவள் அவருடைய தங்கை சுபோதினி. "எப்ப செய்வியள் டொக்டர்?" என்று கேட்டதும் அவள்தான். வரதராசா கூரையில் சுற்றிய விசிறியைப் பார்த்தபடி சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரி. வரிசை நீளம். திகதி கிடைத்ததும் வீட்டுக்குக் கடிதம் வரும், அதைக் கொண்டுவந்து வாட்டில் படுக்க வேண்டியதுதான் என்றார்கள். சுபோதினி தன் கைத்தொலைபேசி இலக்கத்தையும் சொன்னாள். பதிவு மேசையில் இருந்த பெண் அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, கோப்புக்குள் வைக்காமல் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தாள். சுபோதினி அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. விலாசம்தான் சரியாக இருக்கிறதே என்று அப்போது நினைத்தாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் அண்ணனும் தங்கையும் வாடகைக்கு இருந்தார்கள். அவள் கல்யாணம் செய்யவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் ஒருகொடவத்தையில் ஒரு யாட்டில் கொன்டெய்னர்களை ஏற்றி இறக்கும் கிரேன் ஓட்டியவர். ஆறுமாடி உயரத்து ஏணியில் மழைக்குள்ளும் ஏறிப்போய், கண்ணாடிப் பெட்டிக்குள் தனியே இருந்து, கீழே நிற்கும் மனிதர்களை எறும்புகளாகப் பார்த்துப் பழகிய மனிதர். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாதபடியால், தங்கையிடம் வந்து சேர்ந்திருந்தார். இப்போது படலையிலிருந்து வாசல்வரை நடக்கவே இரண்டு தரம் நிற்க வேண்டியிருந்தது. இரவில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தபடியே தூங்கினார்.

அவர்களுடைய ஒழுங்கையில் தபால் நின்றுபோனது யாருக்கும் உடனே தெரியவில்லை. கடிதம் வராமல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற காரியம் இல்லையே. பழைய தபாற்காரர் மாற்றலாகிப் போயிருந்தார், அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. அதே காலத்தில் ஒழுங்கையின் நடுவில் மூன்று வீடுகளை இடித்துப் பன்னிரண்டு மாடியில் ஒரு கட்டடம் எழும்ப, மாநகர சபைக் கந்தோர்க்காரர்கள் வந்து வீடுகளுக்கெல்லாம் புது இலக்கம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய இருபத்துமூன்று முப்பத்தொன்று ஆனது. முப்பத்தொன்று எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு பஹ்மியா தண்ணீர் பில் வரவில்லை என்று வந்து சொன்ன நாளில்தான் தங்களுக்கும் ஒரு கடிதமும் வரவில்லை என்பது சுபோதினிக்கு உறைத்தது.

அடுத்த நாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பகுதித் தபாற்கந்தோருக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் அவள் சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு, "ஹெட்ட எண்ட, நோனா" என்றாள். நாளைக்கு வரட்டாம். மறுநாள் போனால் போஸ்ட்மாஸ்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த கிழமை போஸ்ட்மாஸ்டர் இருந்தார். ஒழுங்கைக்கு இலக்கம் மாறினால் சபையிலிருந்து தங்களுக்கு அறிவித்தல் வர வேண்டும், வரவில்லை என்றார். சபைக் கந்தோரில் அறிவித்தல் அனுப்பியாயிற்று என்றார்கள். எப்படி அனுப்பினீர்கள் என்று சுபோதினி கேட்டாள்.

"தபாலில்தான்" என்றார் அங்கிருந்தவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனாள். திகதிகள் டொக்டரின் செயலாளரிடம் இருக்கின்றன, அவர் தயாரித்ததும் கடிதம் போகும், கேட்டு வருகிற எல்லாருக்கும் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா என்றார்கள். நியாயம்தான். அவளுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். பிறகு தபாற்காரருடைய வேலைநிறுத்தம் வந்தது. அது முடிந்தபோது, தேங்கிய கடிதங்களைப் பிரிக்க ஆள் போதாது என்றார்கள். தொலைபேசியில் முறைப்பாடு செய்யும் இலக்கம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லிக் காத்திருக்கச் சொல்லும். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் சுபோதினி அதைக் காதில் வைத்தபடியே கண்ணாடிகளைத் துடைப்பாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால் வரதராசா, "விடு பிள்ளை, வரேக்க வரட்டும்" என்பார். "உனக்கு ஏன் இந்த அலைச்சல்?"

அவருடைய பொறுமை அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பஹ்மியாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கவுண்டரில் அதே பெண்தான். அவளுடைய கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து பக்கத்துப் பலகைக் கதவைத் திறந்துவிட்டாள். "நீங்களே பாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னாள். "நாங்கள் நாலு பேர். பத்துப் பேருடைய வேலை."

பின் அறையில் சாக்குகள் சுவரோடு சாய்ந்திருந்தன. அவர்களுடைய பகுதிச் சாக்கு எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சுபோதினியும் பஹ்மியாவும் நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாகக் கொட்டித் தேடினார்கள். வங்கிக் கடிதங்கள், கல்யாண அழைப்புகள், கனடாவிலிருந்து வந்த பிறந்தநாள் வாழ்த்து, யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை அனுமதி அட்டை. பஹ்மியா அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்து, "ஆண்டவனே, இந்தச் சோதினை முடிஞ்சி போச்சே" என்றாள். தூசியில் இருவருக்கும் தும்மல் பிடித்தது.

மத்தியானம் ஆகப்போகும்போது பஹ்மியாதான் எடுத்தாள். "அக்கா, இது ஒங்கட. ஆஸ்பத்திரிக் கடுதாசி."

சுபோதினி நின்றபடியே பிரித்தாள். போன மாதத்துத் திகதி. வரத் தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கீழே அச்சடித்திருந்தது.

ஒழுங்கைக்காரருடைய கடிதங்களை எல்லாம் பஹ்மியா ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். வழியில் அவள் சுபோதினியின் கையைப் பிடித்திருந்தாள்.

வரதராசா தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சுபோதினி அதை நிறுத்தினாள். கடிதத்தை அவர் மடியில் வைத்தாள்.

"திகதி வந்திருக்கண்ணா. வந்து போயிட்டுது."

அவர் வாசித்தார். இரண்டாந்தரமும் வாசித்தார். தலையை நிமிர்த்தியபோது, அந்த முகத்தில் அவள் எதிர்பார்த்த எதுவும் இல்லை. சோதனை தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் அது. உடனே அவர் அதை மறைக்கப் பார்த்தார். அதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

"உங்களுக்கு இது சந்தோசமோ?"

"இல்லைப் பிள்ளை..."

"சொல்லுங்கோ. சந்தோசமோ?"

அவர் கடிதத்தை மடித்தார், திரும்ப விரித்தார். "நான் கும்பிட்டனான் சுபோ. வரக்கூடாது எண்டு. ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான்."

அவள் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"யாட்டில எங்களோட ஒருத்தன் வேலை செய்தவன். என்னைவிட ரெண்டு வயசு இளமை. நெஞ்சைத் திறந்தவங்கள், மூடேல்லை. நான்தான் அவன்ர சப்பாத்தையும் பையையும் வீட்டை கொண்டுபோய்க் குடுத்தனான்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே! நான் நாயா அலைஞ்சனான். லீவெல்லாம் எடுத்து, அவையின்ர பேச்செல்லாம் கேட்டு, இண்டைக்குச் சாக்குக்குள்ள இருந்து பொறுக்கிக்கொண்டு வாறன். ஆருக்காக? நீங்கள் இஞ்ச சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறியள். பயந்தாங்கொள்ளி!"

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. அவர் தலையை ஆட்டினார், ஓம், சரிதான் என்பது போல. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு சில நாட்கள் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போனாள். அவரும் பேசவில்லை. பேசினால் மூச்சு வாங்கியது என்பதும் ஒரு காரணம். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு விடியற்காலை அவர் சுவரில் தட்டினார். போய்ப் பார்த்தால் உதடு நீலம். பஹ்மியாவின் கணவர் றவூப் தன் வான் வண்டியைக் கொண்டுவர, இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசியும் ஒட்சிசனும் கொடுத்துக் கிழமைக் கணக்கில் வைத்திருந்து, பெயரைத் திரும்பவும் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். தண்ணீருக்குள் முங்கியவனைப் போல் இரவெல்லாம் காற்றுக்குத் தவித்த மனிதர் வேறொருவராக வீட்டுக்கு வந்தார்.

"சுபோ, இனித் திகதி தந்தால் நான் போறன்" என்றார், வான் வண்டியிலிருந்து இறங்க முன்பே. "இப்பிடிச் சாகிறதிலும் பார்க்க அது நல்லம். கத்தியெண்டாலும் பரவாயில்லை."

"ஓம் அண்ணா."

"நீ சொன்னது சரி. நான் பயந்தாங்கொள்ளிதான்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. வாங்கோ உள்ளுக்க."

அன்றிலிருந்து தபாலைப் பார்த்திருப்பது அவருடைய வேலையானது. காலையில் தேநீர் குடித்ததும் பிளாஸ்டிக் கதிரையைப் படலையடியில் போட்டு இருந்துகொள்வார். சாப்பாடு கொண்டுவரும் பெடியன்களுடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலும் எழும்பப் பார்ப்பார். தபாற்கந்தோருக்குத் தொலைபேசி எடுப்பார். மணி அடித்து, அடித்து, தானாக நிற்கும். திரும்ப எடுப்பார். "ஆரோ ஒராள் பக்கத்தில இருந்து மணியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்" என்பார் மாலையில். கோபமாகச் சொல்வதில்லை, ஊர்ப் புதினம் சொல்வதுபோல் சொல்வார். சபைக் கந்தோருக்குத் தன் கையாலேயே ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுதி, றவூப்பிடம் கொடுத்து நேரில் சேர்ப்பித்தார். பதில் தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சுபோதினி இனித் தபாலை நம்புவதில்லை என்று முடிவெடுத்தாள். ஒவ்வொரு செவ்வாயும் வேலைக்குப் போக முன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திகதி கேட்டுக் கவுண்டரில் நின்றாள். திட்டு வாங்கினாள். பிறகு அவளைக் கண்டதும் கவுண்டரில் இருந்த பெண்ணே தலையாட்டி இல்லை என்று சொல்லத் தொடங்கினாள். அதன் பிறகு ஒரு செவ்வாயன்று அவள் தலையாட்டாமல் கைகாட்டிக் கூப்பிட்டாள். திகதியைத் துண்டில் எழுதிக் கையில் தந்தாள். அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை.

வரதராசா அந்தத் துண்டைச் சாமிப்படத்துச் சட்டத்தில் செருகினார். உடுக்கப் புதுச் சாரம் இரண்டு வாங்கச் சொன்னார். முகம் வழிக்கும் சாமானெல்லாம் ஒரு பைக்குள் எடுத்துவைத்தார். "மயக்க ஊசி போட்டால் கனவு வருமோ?" என்று ஒருநாள் கேட்டார். சுபோதினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "உதையெல்லாம் யோசிக்காதேங்கோ" என்றாள். அவர் சரி என்றுவிட்டுப் படலையடிக்குப் போனார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய ஞாயிறு அல்ல, அதற்கும் முந்திய ஞாயிறு. அவள் சந்தையிலிருந்து மீனோடு வந்தபோது அவர் படலையடிக் கதிரையில் இருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெயிலுக்குள் நித்திரை கொள்கிறாரே என்று நினைத்து, "அண்ணா, உள்ளுக்க வந்து படுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறந்தாள்.

கனத்தை மயானத்தில் எரித்தார்கள். யாட்டில் வேலை செய்த பழைய ஆட்கள் கொஞ்சப் பேர் வந்தார்கள். பஹ்மியா மூன்று நேரமும் சாப்பாடு அனுப்பினாள். ஆட்கள் வந்து கதைத்துவிட்டுப் போனார்கள். அவளும் கதைத்தாள். பயந்தாங்கொள்ளி என்ற சொல்லை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் எழும்பி முகம் கழுவிச் சேலை உடுத்தாள். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடியாமல் எங்கே போகிறாய் என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். "ஒரு அலுவல்" என்றாள் சுபோதினி.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அந்தப் பெண் அவளைக் கண்டதும், "இன்று செவ்வாய் இல்லையே" என்றாள். சிங்களத்தில்தான் இருவரும் பேசிக்கொள்வது. சுபோதினி நடந்ததைச் சொன்னாள். பெண் வாயில் கைவைத்தாள். பிறகு பட்டியலில் பெயரைத் தேடி அதன்மேல் கோடு கிழித்தாள். வேறென்ன செய்ய முடியும்?

"அந்தக் கட்டில் இனி யாருக்கு?" என்று சுபோதினி கேட்டாள்.

"அடுத்த ஆளுக்குக் கடிதம் போகும்."

"இன்றைக்கு வியாழன். திகதி திங்கள். கடிதம் எப்போது போய்ச் சேரும்?"

பெண் பட்டியலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். சுபோதினிக்கும் தெரியும்.

"தொலைபேசி எடுங்கள் மிஸ்."

எடுத்தாள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று குரல் வந்தது. பெண் தொலைபேசியை வைத்தாள். "இப்படித்தான். ஆள் வராவிட்டால் அன்றைக்குக் கட்டில் சும்மா கிடக்கும். எத்தனை தரம் கிடந்திருக்கிறது."

முதல் தடவை தன் அண்ணனுக்கு வைத்திருந்த கட்டிலும் அப்படித்தான் வெள்ளைத் துணி விரித்தபடி கிடந்திருக்கும் என்று சுபோதினி நினைத்துப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"எனக்குத் தாருங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"அப்படித் தர முடியாது."

"தெரியும். தாருங்கள்."

அந்தப் பெண் உள்ளே போய் யாருடனோ கதைத்துவிட்டு வந்தாள். நேரம் எடுத்தது. வரும்போது கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியிருந்தாள். விலாசம் கொட்டாஞ்சேனை. பெயர் ஆறாயி.

கோட்டைக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் பின்பக்கம் இறங்கி, இலக்கங்கள் ஒழுங்கில்லாத ஒரு வளவுக்குள் நாலைந்து கதவு தட்டிக் கேட்டுப் போனாள். கதவைத் திறந்தவள் ஆறாயியின் மகள். கையில் மாவு ஒட்டியிருந்தது. "யாருங்க? ஆசுபத்திரியிலயா வாரீங்க?"

"இல்லைப் பிள்ளை. ஆனா ஆஸ்பத்திரிக் கடிதம்தான்."

ஆறாயி உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூன்று தலையணைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அறுபது வயது இருக்கும். பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. மகள் கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினாள். திங்கட்கிழமை என்றதும் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருக்கோம்ங்க. போனும் மாத்திட்டோம், இந்த வளவுக்குள்ளேயே வீடும் ஒருக்கா மாறிட்டோம். இனி வராதுன்னே நெனச்சோம்."

ஆறாயி அழவில்லை. சுபோதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரோட தேதிங்கம்மா?" என்று கேட்டாள். "இம்புட்டு அவசரமா ஒருத்தருக்கு வருதுன்னா, அது வேற யாரோடதோ."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "என்ர அண்ணான்ரை" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை மோசம் போயிட்டார்."

மகள் மாவுக்கையைச் சேலையில் துடைத்தபடி அப்படியே நின்றாள். வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"போய் அந்தம்மாவுக்குத் தேத்தண்ணி போடு" என்றாள் ஆறாயி மகளிடம். மகள் போன பிறகு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லிராதீங்க" என்றாள். "நான் போகலாமா வேணாமான்னு இருக்கேன்."

சுபோதினிக்கு வாயில் ஆயத்தமாக எத்தனையோ வந்தது. நல்ல டொக்டர், ஒன்றும் நடக்காது, உதையெல்லாம் யோசிக்கக் கூடாது. அவை எல்லாவற்றையும் அவள் வீட்டில் சொல்லிப் பழகியிருந்தாள். ஒன்றையும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"பயமா இருக்கோ?"

"ஆமாங்கம்மா."

"எதுக்குப் பயம்? சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

ஆறாயி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மூச்சு எடுத்து, மெல்லச் சொல்லத் தொடங்கினாள். கத்தியைப் பற்றி அல்ல. மயங்கிக் கிடக்கும்போது தன்னை யார் யாரோ பார்ப்பார்களே என்பதுதான் முதலில் வந்தது. பிறகு மகளின் கல்யாணம். பிறகு, மருந்து மணக்கும் அந்த அறையில் தனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காதே என்பது. சுபோதினி குறுக்கே பேசாமல் கேட்டாள். அண்ணன் என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்று தனக்கு இனித் தெரியப்போவதில்லை என்பதை நினைத்துக்கொண்டாள். மகள் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்குப் போகுமட்டும் கூட நிக்க விடுவினம்" என்றாள் சுபோதினி கடைசியில். "நான் லீவுதான். மகளோட நானும் வந்து நிக்கிறன், உங்களுக்கு விருப்பமெண்டால்."

ஆறாயி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, "வாங்கம்மா" என்றாள்.

திங்கட்கிழமை அதிகாலை, செலவுக்கு வந்திருந்த சொந்தக்காரர் எழும்ப முன், சுபோதினி படலையைச் சாத்திக்கொண்டு வெளியே இறங்கினாள். சத்திரசிகிச்சை அறை வாசலில் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். தள்ளுவண்டி கதவைக் கடக்கும்வரை ஆறாயி அவளுடைய முகத்தையே பார்த்தபடி போனாள். கதவு மூடியது. மகள் சுவரோர வாங்கில் போய் உட்கார்ந்தாள். சுபோதினி நின்ற இடத்திலேயே நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்தி, அண்ணனுக்காக முதன்முறையாகச் சத்தமாக அழுதாள்.